சும்மா வந்து உட்கார ஓர் இடம்

மலேசியா, சுங்கை சிப்புட்டில் நம் கோவிலின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயாவுக்கும், செயலாளர், பொருளாளர், மற்ற செயற்குழு அன்பர்களுக்கும் வணக்கம்.

உங்களில் மூன்று பேர் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் படித்தவர்கள். அதில் ஒருவரை ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்காததற்காக வெயிலில் நிற்க வைத்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர்தான் இப்போது பொருளாளர், கணக்கில் புலி என்று கேள்வி. வெயில் வீண் போகவில்லை. ஆகவே ஓய்வு பெற்ற டீச்சரின் புலம்பல் என்று இதை மடித்து வைக்காமல் கடைசி வரை படித்துவிடுங்கள்.

கேட்கப் போவது ஒன்றுதான். கோவிலை ஒட்டி நாம் கட்டியிருக்கும் மண்டபத்தை, கல்யாணமோ காதுகுத்தோ இல்லாத நாளில், சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை திறந்து வையுங்கள். அவ்வளவுதான். ஏன் என்பதைத்தான் இனி சொல்லப் போகிறேன், அது கொஞ்சம் நீளும்.

போன வருஷம் ஒரு நாள் மத்தியானம், எங்கள் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், பின்வரிசை வீட்டு அக்கா என் கேட்டைத் தட்டினார். எழுபதைத் தாண்டியவர், இந்த வட்டாரத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் எடுக்க மரம் வெட்டியவர். கையில் தண்ணீர் பில். "டீச்சர், இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்" என்றார். படித்துச் சொன்னேன். நாலு நாள் கழித்து மறுபடியும் வந்தார். அதே பில். மறந்திருப்பார் என்று நினைத்து மறுபடியும் படித்தேன். மூன்றாம் முறை வந்தபோதுதான் கவனித்தேன், பணம் கட்டியாயிற்று என்று அதில் முத்திரையே குத்தியிருந்தது. அந்தக் காகிதத்தில் என்னிடம் கேட்க எதுவுமே இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் வரியிலிருந்து நிறுத்தி நிதானமாகப் படித்தேன், அப்புறம் தேத்தண்ணீர் போட்டேன். அவர் போகும்போது மணி ஆறாகிவிட்டது.

அக்காவுக்கு நாலு பிள்ளைகள். ஒருவன் சிங்கப்பூரில், ஒருத்தி ஷா ஆலத்தில், மற்ற இருவர் பினாங்கில் தொழிற்சாலையில். மாதா மாதம் பணம் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது, தீபாவளிக்கு நாலு காரும் வந்து வாசலை அடைத்துக்கொள்கின்றன. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வீட்டை விட்டு வெளியே வர, கட்டி முடித்த ஒரு தண்ணீர் பில் அவருக்குத் தேவைப்படுகிறது.

அந்தப் பில்லைப் பற்றி ரொம்ப நாள் யோசித்தேன். அவர் ஏன் "சும்மாதான் வந்தேன் டீச்சர்" என்று சொல்லவில்லை? சொல்ல முடியவில்லை, அதுதான் விஷயம். நம் தாமானில் யாரும் யார் வீட்டுக்கும் சும்மா போவதில்லை. பத்திரிகை வைக்கப் போகலாம், துக்கம் கேட்கப் போகலாம், தீபாவளிக்குப் போகலாம். மற்ற நாளில் கேட்டைத் தட்டினால் உள்ளேயிருந்து வரும் முதல் கேள்வி, "என்ன விஷயம்?" விஷயம் ஒன்றும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? பழைய பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு வருவார்கள்.

உங்களில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு லயத்து வாழ்க்கை, தோட்டத்து வரிசை வீட்டு வாழ்க்கை, தெரியும். என் அம்மாவும் மரம் வெட்டியவர்தான். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் விடியுமுன்னே பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. நாலு மணிக்கே லயம் முழுக்க விளக்கு எரியும். பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு போய் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பெண்கள் ஓடுவார்கள். மத்தியானம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள், ஒரே பைப்படியில் குளிப்பார்கள், ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். எங்கள் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. அடுத்த வீட்டு இருமல் நம் வீட்டுக்குள்ளேயே கேட்கும். இரண்டு நாள் இருமல் கேட்காவிட்டால் போய்ப் பார்ப்போம்.

இதைச் சொன்னதும், டீச்சர் பழைய கதையில் உருகுகிறார் என்று நினைக்காதீர்கள். லயம் திரும்ப வர வேண்டாம். அந்தப் பலகைச் சுவர் வழியாகத்தான் கள் வாடையும் வந்தது, பக்கத்து வீட்டில் அடி வாங்கிய பெண்ணின் அழுகையும் வந்தது. ஒரு பெண் தனியாக உட்கார்ந்து ஒரு பக்கம் படிக்க அங்கே இடம் கிடையாது. எனக்குத் தெரியும், நான் படித்தது தெருவிளக்கின் கீழே. நான் சொல்வது ஒரு சின்ன விஷயம். லயத்தில் இன்னொரு முகத்தைப் பார்க்க யாருக்கும் காரணம் தேவைப்படவில்லை. வேலையும் பைப்படியும் திண்ணையும் அந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டன. பிறகு பால் மரத்தை அழித்துச் செம்பனை வைத்தார்கள், அதற்கு அத்தனை ஆள் வேண்டாம் என்றானது, லயம் லயமாகக் காலி செய்து டவுனுக்கு வந்தோம். குழாய்த் தண்ணீர், ஓட்டுக்கூரை, பூட்டுப் போட்ட கேட், எல்லாம் கிடைத்தது. நம் பாட்டனும் பாட்டியும் ஆசைப்பட்டதுதான் இது, நாம் வெட்கப்பட ஒன்றும் இல்லை. திண்ணையை மட்டும் யாரும் லாரியில் ஏற்றவில்லை.

சரி, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் தவறியபோது பதினாறு நாள் வீடு நிறைய ஆட்கள். நம் கோவிலிலிருந்துதான் நாற்காலியும் கூடாரமும் வந்தன, அந்த நன்றி எனக்கு மறக்காது. பதினேழாம் நாள் காலையில் நாற்காலியை அடுக்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த நாற்காலிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம்தான் அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சத்தம் மாதிரி இருந்தது. அதற்கப்புறம் ஒரு வருஷம் தீட்டு என்று கோவிலுக்கும் வரவில்லை. இதை நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு மனுஷிக்கு நாலு பேர் முகம் மிக அதிகமாகத் தேவைப்படும் வருஷத்தில்தான் அவள் வழக்கமாகப் போய் வரும் ஒரே இடமும் அடைபட்டுப் போகிறது. சம்பிரதாயத்தை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் மண்டபம் சந்நிதி இல்லையே. அதில் துக்க வீட்டுக்காரர் வந்து உட்காரத் தடை ஒன்றும் இல்லை, உங்களிடமே விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த வருஷத்தில் எனக்குள் நடந்தது இன்னும் விசித்திரம். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்வார். முதல் மாதம் அது ஆறுதலாக இருந்தது. மூன்றாம் மாதம், இவள் பரிதாபப்பட்டுத்தான் கூப்பிடுகிறாள் என்று தோன்ற ஆரம்பித்தது. ஐந்தாம் மாதம் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டேன். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், ஒப்புக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். கூப்பிடாவிட்டால், பார்த்தாயா, மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் நானே பேசி நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

பிறகு படித்துப் பார்த்தபோது இது எனக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை என்று தெரிந்தது. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் கசியோப்போ என்று ஒரு பேராசிரியர் இருந்தார், 2018-ல் காலமானார். தனிமையைப் பற்றியே பல வருஷம் ஆராய்ந்தவர். பசி எப்படி உடம்புக்குச் சோறு வேண்டும் என்று சொல்லும் அறிகுறியோ, அப்படி ஆட்கள் வேண்டும் என்று சொல்லும் அறிகுறிதான் தனிமை உணர்வு என்பது அவர் சொன்னது. ஆனால் இந்தப் பசி நாள்பட்டால் ஒரு தந்திரம் செய்கிறது. மனம் மற்றவர்களிடம் ஆபத்தைத் தேட ஆரம்பிக்கிறது. சிரித்தால் கேலி, பேசாவிட்டால் வெறுப்பு என்று கணக்குப் போடுகிறது. பட்டினி கிடப்பவன் சோற்றைக் கண்டதும் தட்டைத் தள்ளிவிடுவது மாதிரி. தனியாக இருப்பவரை நாலு பேர் நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கும் இதுதான் காரணம். ஒரே முகங்களை, பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லாமல், திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகினால்தான் அந்தக் கணக்கு மெல்லக் கலையும்.

என்னுடைய கணக்கைக் கலைத்தது காலைச் சந்தையில் கீரை விற்கும் சீனத்து அம்மா. ஒரு நாள் தலையைக் குனிந்தபடி காய் வாங்கிக்கொண்டு நகரப் பார்த்தேன். "சிகு, லாமா தாக் நம்பாக்" என்றார். டீச்சரை ரொம்ப நாளாகக் காணோமே என்று. அவ்வளவுதான். ஒரு கட்டுக் கீரையைக் கூடப் போட்டார், காசு வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகைக்குக் கீரை மட்டும் காரணமில்லை. மறுநாள் காலையிலும் அதே நேரத்துக்குச் சந்தைக்குப் போனேன். வாங்க ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் தினமும் போனேன். தூக்கம் கொஞ்சம் ஒழுங்கானது. அந்த டீச்சருக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன், இப்போது தினமும் இரவு எட்டு மணிக்கு அவர் அல்லது நான். ஐந்து நிமிஷம் பேசுகிறோம், பெரும்பாலும் என்ன சமையல் என்பதுதான் பேச்சு. இதையெல்லாம் மருந்து என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பிடி கிடைத்தது இதில்தான்.

எண்ணைக் காட்டினால்தான் செயற்குழுவில் தீர்மானம் நகரும் என்று எனக்குத் தெரியும். ஆகவே பொருளாளருக்காகச் சில எண்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் இதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்தது. அது 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையின்படி உலகத்தில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது. அதோடு தொடர்புள்ள சாவுகள் வருஷத்துக்கு 8,71,000. மணிக்கு நூறு சாவு. இது ஏதோ மனசு சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று: 2010-ல் 148 ஆய்வுகளை, அதாவது 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு அதிகம். நம் நாட்டுக் கணக்கு வேண்டுமென்றால், தேசிய சுகாதார ஆய்வில் மனச்சோர்வு உள்ளவர்கள் 2019-ல் 2.3 விழுக்காடு, 2023-ல் 4.6. நாலே வருஷத்தில் இரண்டு மடங்கு. இனிப்பு நீருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மண்டபத்தில் மருத்துவ முகாம் வைக்கிறோமே, அந்த வரிசையில் இதுவும் வர வேண்டியதுதான்.

இது கிழங்களின் பிரச்சினை என்று தம்பிமார் யாராவது சொல்லக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் அதே அறிக்கை, இளவட்டங்களிடம்தான் தனிமை இன்னும் அதிகம் என்கிறது. 13 வயதிலிருந்து 29 வயது வரை உள்ளவர்களில் 17 முதல் 21 விழுக்காடு. நம் ஊரிலேயே பார்க்கலாம். சிங்கப்பூரில் வேலை போய் ஊருக்குத் திரும்பி, மூன்று மாதமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் பையன். ஜொகூரிலிருந்து கட்டிக்கொடுத்து வந்து, இங்கே மாமியாரைத் தவிர ஒருவரையும் தெரியாத மருமகள். படுத்த படுக்கையான அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட மகள், அவளுக்கு வீட்டில் ஆள் இருக்கிறது, பேச்சுத்தான் இல்லை. ஏன், நம் சாப்பாட்டுக் கடைகளில் ரொட்டி சானாய் வீசுகிறார்களே தமிழ்நாட்டுத் தம்பிகள், அவர்கள் ஊருக்குப் போய் வருஷக்கணக்காகிறது. கடைக்கு மேலே படுக்கை, கடைக்குள்ளே வேலை. இவர்களில் யாருமே தனியாக இல்லை, கணக்குப்படி பார்த்தால். இரவு ஷிஃப்டும் பகல் ஷிஃப்டுமாக ஒரே வீட்டில் ஐந்து பேர் இருந்துகொண்டு, வாரத்துக்கு ஒரு தடவைகூட ஒன்றாகச் சாப்பிடாத குடும்பங்களும் நம்மிடம் இருக்கின்றன.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ, அதன்மேல் காலை வணக்கம், அப்புறம் விநாயகர், அப்புறம் இன்னொரு ரோஜாப்பூ. மூன்று வருஷமாக அந்தக் குழுவில் இருக்கிறேன், "சாப்பிட்டாயா?" என்று ஒருவர் ஒருவரைக் கேட்டதை நான் பார்த்ததில்லை.

இன்னொரு ஊர்க் கதையைச் சொல்கிறேன், நம் அக்காமாருக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாடு. அங்கே மனநல மருத்துவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006-ல் ஹராரே நகரத்தில் 14 பாட்டிமாரை வைத்து ஒரு காரியம் ஆரம்பித்தார். பாட்டிமாருக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து, கிளினிக் வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். மனம் சோர்ந்து வருகிறவர் பாட்டியோடு உட்கார்ந்து பேசுவார். பாட்டி குறுக்கே விழாமல் கேட்பார், அப்புறம், இருக்கிற கஷ்டத்தில் முதலில் எதைத் தீர்க்கலாம் என்று இருவரும் சேர்ந்து ஒன்றைப் பிடிப்பார்கள். அவ்வளவுதான் வைத்தியம். 24 கிளினிக்குகளில் சோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இன்னும் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் அது 14 விழுக்காட்டுக்கும் கீழே.

அந்த ஊர் மொழியில் இந்த நோய்க்கு அவர்கள் சொல்லும் பெயர் 'கூஃபுங்கிசிசா'. ரொம்ப யோசிப்பது என்று அர்த்தமாம். நம் அம்மாமார் கிளினிக்கில் சொல்வதும் அதுதானே. "ரொம்ப யோசன டாக்டர், தூக்கம் வரல, நெஞ்சு படபடங்குது, கை காலு உளைச்சல்." ஒருத்தியாவது "எனக்குத் துக்கமாக இருக்கிறது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. தைலம் கொடுத்து அனுப்புவார்கள்.

மண்டபத்தில் பாட்டிமாரை டாக்டராக்க நான் கேட்கவில்லை, பயப்படாதீர்கள். கதவைத் திறந்து வையுங்கள் என்கிறேன். ஆனால் எப்படித் திறப்பது என்பதில்தான் காரியம் இருக்கிறது. நம் வழக்கம் எனக்குத் தெரியும். திறப்பு விழா என்று ஆரம்பிப்போம், பதாகை கட்டுவோம், 'தனிமையில் வாடும் முதியோருக்கான நிகழ்ச்சி' என்று அதில் கொட்டை எழுத்தில் போடுவோம், பிரமுகரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவோம், படம் எடுத்து முகநூலில் போடுவோம். அந்தப் பதாகைக்குக் கீழே எந்த மானமுள்ள மனுஷி வந்து உட்காருவாள்? நான் வரமாட்டேன். பின்வரிசை அக்கா அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டார். உதவி வாங்க வா என்றால் நம் ஆட்கள் வரமாட்டார்கள். வேலை கிடக்கிறது, ஒரு கை கொடு என்றால் செருப்பைத் தேடிக்கொண்டே ஓடி வருவார்கள்.

வேலைக்கா நம் கோவிலில் பஞ்சம்? மாலையைக் கட்டியே வாங்குகிறோம். உதிரிப் பூவாக வாங்கிக் கொடுங்கள், நாலு மணிக்கு மண்டபத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து கட்டிவிடுவோம். குத்துவிளக்கெல்லாம் பச்சைப் பிடித்துக் கிடக்கிறது, புளி கொடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் சாயங்காலம் கோவில் வாசலில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களை உள்ளே அனுப்புங்கள், வாய்ப்பாடு சொல்லித்தர நான் இருக்கிறேன். வெயிலில் நிற்க வைக்கமாட்டேன். அந்த அறைக்குள் அடைந்து கிடக்கும் பையனிடம், மண்டபத்து ஒலிபெருக்கி சரியில்லை, கொஞ்சம் வந்து பார் தம்பி என்று சொல்லுங்கள். உண்மையிலேயே சரியில்லை, போன ஆடிக்கே கரகரவென்றுதான் இருந்தது.

கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். எதிரெதிரே உட்கார்ந்து "உன் மனசில் என்ன?" என்று கேட்டால் யாருக்கும் பேச்சு வராது. பூக் கட்டும்போது பக்கத்தில் இருப்பவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நாரைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

ஒரு மூலையில் இரண்டு நாளிதழ் போடுங்கள். இது என் சொந்த ஆசை. தோட்டத்தில் எங்கள் வீட்டுக்குத் தமிழ் நேசன் வரும், ஒரு நாள் தாமதமாக, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டில் படித்து முடித்த பிறகு. என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து நான் உரக்கப் படிப்பேன், லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிடுவார்கள். மரண அறிவிப்பைத்தான் முதலில் படிக்கச் சொல்வார்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை வரும். 1924-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019-ல் நின்றது. நின்ற செய்தியையும் நான் போனில்தான் படித்தேன், தனியாக. பக்கத்தில் "அடப் பாவமே" என்று சொல்ல ஆள் இல்லை.

சரி, உங்கள் ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். கரண்டு பில் ஏறும் என்பீர்கள். குளிர்சாதனத்தைப் போடாதீர்கள், ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், நாலு காற்றாடி போதும். தேத்தண்ணீருக்கு ஒரு தகர டின் வைப்போம், முடிந்தவர் ஒரு ரிங்கிட் வெள்ளி போடட்டும், முடியாதவர் குடித்துவிட்டுப் போகட்டும், யார் போட்டார் என்று டின் சொல்லாது. அந்தக் காலத்து அமைச்சர் துன் சம்பந்தன் நம் தொகுதிக்காரர். அவர் 1960-ல் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தபோது தோட்டத்து ஜனங்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் தோட்டங்களையே வாங்கினார்கள். தேத்தண்ணீர் வாங்கவா நம்மால் முடியாது?

குடித்துவிட்டு வருவார்கள் என்பீர்கள். வரலாம். வந்தால் நானே பேசி அனுப்புகிறேன், அவர்களில் பாதிப் பேர் என் பழைய மாணவர்கள். குடிக்காத நேரத்தில் அவர்கள் போக ஓர் இடம் இருந்தால் குடிக்கும் நேரம் கொஞ்சம் குறையும் என்றும் ஒரு நப்பாசை எனக்கு உண்டு. ஆண்களுக்காவது ஒட்டுக்கடையில் ஒரு மேசை, ஒரு தே தாரிக், நாலு மணி நேரம் உட்காரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். பெண் ஒருத்தி அப்படித் தனியாக உட்கார்ந்தால் ஊரே கேட்கும்.

வம்பு பேசுவார்கள் என்பீர்கள். பேசுவோம். வம்பு பேச ஆள் இல்லாமல் இருந்து பார்த்தவள் சொல்கிறேன், அது அப்படி ஒன்றும் பெரிய பாவம் இல்லை. ஒரே ஒரு விதி வைக்கலாம், மண்டபத்தில் ஒருத்தி அழுதுகொண்டு சொன்னது மண்டபத்தைத் தாண்டக்கூடாது.

வேற்று மதத்தார் வரலாமா என்று ஒருவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். மண்டபம் கட்ட ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனபோது மாதா கோவிலுக்குப் போகும் குடும்பங்களிடமும் கடைத்தெருவில் தமிழ் முஸ்லிம்களிடமும் வாங்கினோம். அப்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது என்றும் சொல்வீர்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமூகநல இலாகாவின் நடவடிக்கை மையங்கள் நாட்டில் பல இடங்களில் உண்டு, 'பாவே' என்பார்கள். நல்ல ஏற்பாடு. அதற்கு மனுப் போடுவதாக இருந்தால் கடிதம் நான் எழுதித் தருகிறேன். ஆனால் முழங்கால் வலியோடு பின்வரிசை அக்கா நடந்து வரக்கூடிய தூரத்தில் இன்றைக்கு இருப்பது நம் மண்டபம் ஒன்றுதான். பஸ் பிடித்துப் போக வேண்டிய இடத்துக்கு யாரும் சும்மா போகமாட்டார்கள்.

மண்டபம் எல்லாவற்றுக்கும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். பல வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் கிடப்பவருக்குப் பூக் கட்டுவது வைத்தியம் ஆகாது. அரசாங்கக் கிளினிக்கில் கேட்டால் மனநலத்துக்கான கேள்வித்தாள் கொடுத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் மேலே அனுப்புவார்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறவர்கள் முன்பெல்லாம் சட்டத்துக்குப் பயந்தே வாயைத் திறக்கமாட்டார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-வது பிரிவு 2023-ல் நீக்கப்பட்டது, அது நம் ஜனங்களில் பலருக்கு இன்னும் தெரியாது. ஆகவே அர்ச்சனைச் சீட்டு வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் மூன்று எண்களைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசும் சேவை. சுகாதார அமைச்சின் ஹீல் 15555. தாலியான் காசே 15999, வீட்டில் அடி உதை என்றால் இதுதான். திருவிழா நன்கொடையாளர் பட்டியலுக்கு மேலே ஒட்டினால் எல்லோர் கண்ணிலும் படும், அதைத்தான் எல்லோரும் நின்று படிக்கிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை செயற்குழுக் கூட்டம் என்று கேள்விப்பட்டேன். தீர்மானம் எழுதும் சிரமம்கூட உங்களுக்கு வேண்டாம். மூன்று மாதத்துக்குப் பரீட்சார்த்தமாக என்று போட்டு ஒரு சாவியை என்னிடம் கொடுங்கள். நாலு மணிக்குத் திறப்பதும் ஏழு மணிக்குக் கூட்டிப் பூட்டுவதும் என் பொறுப்பு. என் வீட்டில் பெரிய தேத்தண்ணீர்ப் பானை ஒன்று சும்மா கிடக்கிறது, அதைக் கொண்டுவருகிறேன். இதுவரை ஒன்பது பேரிடம் பேசியிருக்கிறேன், ஏழு பேர் வருகிறார்கள். ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஒருவர் கதவைத் திறக்கவில்லை, அவரிடம் மறுபடி போவேன்.

பின்வரிசை அக்கா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். பூக் கட்ட நார் கோவிலிலேயே கொடுப்பீர்களா, இல்லை அவர் வீட்டு வாழையில் உரித்துக் காயப்போட்டுக் கொண்டுவர வேண்டுமா? காயப்போடுவதாக இருந்தால் இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டுமாம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய டீச்சர்